பாணியில் தோய்ந்த பழமும் சொக்கலேற்றில் தோய்ந்த பழமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் வடமராட்சி வீடுகளில் விருந்தினருக்குக் குறைவிராது. வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மகோற்சவம் நடைபெறும் மாதம் அது. பூரணையை ஒட்டி நிகழும் சமுத்திர தீர்த்தத்துக்கென்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்றிசைகளிலிருந்தும் வரும் உறவினர், சுவாமியைப் பின்தொடர்ந்து மணற்குன்றுகளைக் கடந்து கடற்கரைக்குச் சென்று மீண்டபின், பருத்தித்துறையிலோ புலோலியிலோ தும்பளையிலோ இருக்கும் இனத்தார் வீட்டில் ஒரு வேளையேனும் இளைப்பாறிச் செல்வது வழக்கம். அதற்குச் சற்று முன்னாகவோ பின்னாகவோ நவராத்திரி வருகிறது. பாடசாலைகளில் வாணி விழாவும், வீடுகளில் சரஸ்வதி பூசையும், விஜயதசமியன்று சிறுவருக்கு ஏடு தொடக்கும் மங்கள கருமமும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ, அவலும் கடலையும் மோதகமும் வடையும் ஆக்கிக்கொண்டேயிருக்கும் இல்லாளுக்கு அடுப்படியை விட்டு வெளியே வர அவகாசம் கிடைப்பதரிது. இத்தகைய நாட்களில், எண்ணெய்ச் சட்டியும் வேண்டாமல், வெதுப்பகத்துப் போறணையும் வேண்டாமல், வீட்டுப் பிள்ளைகளையே துணையாக வைத்துக்கொண்டு செய்து முடிக்கத்தக்க ஓர் இனிப்பைப் பற்றி எழுதுவது பயனுடையதாகும் என்று கருதுகிறேன்.

மேனாட்டார் தம் சரற்காலத்து விருந்துகளில், அறுவடையான அப்பிளைக் குச்சியிற் குத்திச் சீனிப்பாகிலும் சொக்கலேற்றிலும் தோய்த்துப் பிள்ளைகளுக்கு வழங்குவர். ஸ்ட்ரோபெரி முதலிய பழங்களையும் அவ்வாறே தோய்த்து அழகிய பெட்டிகளில் அடுக்கிப் பரிசளிப்பர். இவ்வழக்கம் இப்பொழுது நம் பட்டினங்களுக்கும் வந்துவிட்டது. பிறந்தநாட் கொண்டாட்டங்களில் இதனைக் கண்டு புதுமையென்று வியப்பவரும் உளர். நமக்கு ஒவ்வாத அந்நிய ஆடம்பரமென்று ஒதுக்குபவரும் உளர். இவ்விரு சாராரும் மறந்துவிட்ட ஒன்றைத்தான் முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். பழத்தை நெருப்பிலிடாமற் பக்குவம் செய்து, இனிமை செறிந்த ஒரு குழம்பிலே தோய்த்து, பல நாள் கெடாதபடி வைத்து, வந்தவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் வித்தை இந்தக் குடாநாட்டுக்குப் புதியதன்று. நம் பாட்டிமார் அதனைப் பாணிப்பனாட்டு என்று அழைத்தனர். சொக்கலேற்றில் எந்தப் பழத்தைத் தோய்க்கலாம், எதனைத் தோய்க்கலாகாது, தோய்த்ததை எப்படிப் பேணுவது என்ற வினாக்களுக்கெல்லாம் அந்தப் பழைய பண்டமே நல்லாசிரியனாக நின்று விடை சொல்கிறது.

பனம்பழம் விழுவது ஆவணி புரட்டாசியில். விடியற்காலையில் பனங்கூடலுக்குள் சென்று, இரவிலே விழுந்த பழங்களைக் கடகத்திற் பொறுக்கிவருவது சிறுவர்களின் உரிமையாக இருந்த காலம் வெகு தூரத்திலில்லை. கருமை படர்ந்த தோலும் உள்ளே செம்மஞ்சள் நிறமான தும்பும் களியும், அவற்றினுள்ளே பெரும்பாலும் மூன்று விதைகளும் கொண்ட அந்தப் பழத்தின் வாசனை, அதனை அறிந்த ஒருவனை எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் ஊருக்கு அழைத்துச் சென்றுவிடும் ஆற்றலுடையது. தோலை உரித்து, சிறிதளவு நீர் தெளித்து, தும்பிலிருந்து களி கழன்று வரும்வரை கையாற் பிசைந்து, துணியிலிட்டு வடித்தெடுத்தால் கிடைப்பது பனங்களி. அதனைக் காய்ச்சிச் சீனியும் மாவும் சேர்த்து எண்ணெயிற் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். காய்ச்சாமல் வெயிலுக்குக் கொடுத்தால் பனாட்டு. பிசைந்தபின் எஞ்சும் விதைகளும் வீண்போவதில்லை. அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டுவிட்டால் தை மாசியில் பனங்கிழங்காகக் கிண்டி எடுக்கலாம்.

பனாட்டுப் போடுவது பொறுமையின் வேலை. முற்றத்தில் வெயில் நன்றாக விழும் இடம் பார்த்து, நாய், ஆடு, கோழி முதலியன எட்டாத உயரத்தில் கால்கள் நட்டு ஒரு பந்தர் அமைப்பர். அதன்மேல் பனையோலைப் பாயை விரிப்பர். பாயின்மேல் பனங்களியை மெல்லியதாகப் பரப்புவர். அன்று முழுதும் அது காயும். மறுநாட் காலையில் புதிய பழங்களிலிருந்து எடுத்த களியை அதன்மேல் இன்னொரு படையாகப் பூசுவர். இப்படி நாள்தோறும் ஒரு படையாக வளர்ந்து, வேண்டிய கனம் வந்தபின், முற்றாகக் காயவிட்டு, பாயிலிருந்து உரித்தெடுத்துத் துண்டமாக்கி மடித்துவைப்பர். அடுப்புக்கு மேலுள்ள பரணில், புகை படும் இடத்தில் வைத்தால் பூச்சி அணுகாது. ஒரு படை ஈரமாக இருக்கையில் அதன்மேல் அடுத்த படையைப் பூசிவிட்டால் உள்ளே புளித்துப்போகும். ஆகையால் எப்பொழுது பூசலாம், எப்பொழுது பொறுக்கவேண்டும் என்பதை விரலால் தொட்டே அறிந்துகொள்ளும் அநுபவம் இதற்கு இன்றியமையாதது.

இதிலே கவனிக்கத்தக்க விசேஷம் யாதெனில், பழம் விழும் பருவமும் காற்றின் பருவமும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதாகும். வைகாசியளவில் தொடங்கும் சோளகக் காற்று ஆவணி புரட்டாசி வரையும் வரண்டு வீசுகிறது. குடாநாட்டுக்கு ஓராண்டிற் கிடைக்கும் மழையின் பெரும்பகுதியோ ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியபின்னரே பெய்கிறது. பழம் கனிந்து விழுவதற்கும் மேகம் திரண்டு வருவதற்கும் இடையே உள்ள அந்தச் சில வாரங்களில் வெயிலையும் காற்றையும் கொண்டு செய்து முடிக்கவேண்டிய தொழில் இது. ஒரு மாதம் பிந்தியே பனம்பழம் கனியும் இயல்பினதாக இருந்திருப்பின், பனாட்டு என்னும் பண்டமே யாழ்ப்பாணத்தில் தோன்றியிராது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

இனிப் பாணியைப் பார்ப்போம். பனம்பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டி இறக்கிய கருப்பநீர், சுண்ணாம்பின் காரணமாகப் புளியாமல் இனிமையோடு நிற்கிறது. அதனை வற்றக் காய்ச்சினாற் பனம்பாணி. மேலும் காய்ச்சிப் பதம் பார்த்துக் குட்டானில் வார்த்தாற் பனங்கட்டி. பாளை சீவும் காலம் பெரும்பாலும் பழக்காலத்துக்கு முந்தியது. பாளைகளைச் சீவிவிட்ட பெண்பனை அவ்வாண்டு பழத்தைத் தருவதுமில்லை. ஆகவே பாணி தந்த மரம் ஒன்றாகவும் பனாட்டுத் தந்த மரம் வேறொன்றாகவும் இருப்பது இயல்பு. கோடையிற் காய்ச்சி அடைத்துவைத்த பாணியிலே, புரட்டாசியில் உரித்தெடுத்த பனாட்டைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி இட்டு ஊறவிட்டால் அதுவே பாணிப்பனாட்டு. வறுத்த எள்ளும் மிளகும் பிறவும் சேர்ப்பாருமுண்டு. இவ்வாறு முட்டியில் அடைத்த பண்டம் மாதக்கணக்காகக் கெடாதிருக்கும். நாட்செல்ல நாட்செல்லப் பனாட்டின் விறைப்பு நீங்கி, பாணி உள்ளே ஊறி, சுவை ஏறும்.

இந்தப் பண்டங்கள் அந்நியரின் கவனத்தையும் ஈர்த்தன. வில்லியம் பேர்கஸன் என்பார் 1850 ஆம் ஆண்டிலே கொழும்பில் வெளியிட்ட தமது பனைமர நூலில் பனாட்டைக் குறித்து எழுதியிருக்கிறார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்ஸன் தெனந்து, 1859 இல் வெளிவந்த தம் பெருநூலில் யாழ்ப்பாணத்துப் பனையின் பெருமையை விரிவாகவே பேசுகிறார். பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் எனும் தமிழ்நூல் கணக்கிட்டதாக வழங்கும் செய்தி நம்மவர் பலரும் கேட்டிருக்கக்கூடியதே. அந்த எண்ணூற்றொன்றில் பனாட்டுக்கு எத்தனையாவது இடம் கிடைப்பினும், சுவையின் வரிசையில் அதற்கு முதலிடத்தை அளிக்க நான் தயங்கமாட்டேன்.

பனாட்டுப் பாயருகே விளையாடும் பிள்ளைகளை நோக்கி, “ஈரக்கையோடை பனாட்டைத் தொடாதை பிள்ளை, பூஞ்சணம் பிடிச்சுப்போடும்” என்று முதியவர்கள் அதட்டுவது வடமராட்சியில் அக்காலத்து முற்றங்களிலெல்லாம் கேட்ட குரல். அந்த ஒரு வாக்கியத்திலே இவ்வித்தையின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழத்தைக் கெடுப்பது அதனுள்ளிருக்கும் நீர். அந்த நீரிலேதான் பூஞ்சணமும் மதுவமும் பல்கிப் பெருகுகின்றன. வெயிலிற் காயவைப்பது அந்நீரை வெளியேற்றும் உபாயம். எஞ்சிய சிறிதளவு நீரையும், பாணியிலுள்ள செறிந்த சர்க்கரை தன்னோடு பிணைத்துக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு எட்டாதபடி செய்துவிடுகிறது. ஒரு துளி புதுநீர் உள்ளே புகுந்தாலும் அந்த இடத்தில் அப்பிணைப்புத் தளர்ந்துவிடும். ஆகவேதான் ஈரக்கைக்குத் தடை. சொக்கலேற்றின் கதையும் முற்றிலும் இதுவே என்பதை மேலே காண்போம்.

சொக்கலேற்று என்பது கொக்கோ விதையின் திரளையும், அவ்விதையினின்று பிழிந்த கொழுப்பையும், சீனியையும், சில வகைகளிற் பால்மாவையும் சேர்த்து மிக நுண்ணியதாக அரைத்த பதார்த்தம். அதில் நீர் இல்லையென்றே சொல்லலாம். கொக்கோ நம் நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கியபின், மலைநாட்டுத் தோட்டக்காரர் நாடிய பயிர்களில் அதுவும் ஒன்று. மாத்தளை, கண்டி, குருநாகல் பகுதிகளில் இன்றும் பயிராகிறது. அதன் விதைகளைக் களியோடு குவித்து வாழையிலையால் மூடி ஒரு வாரமளவிற் புளிக்கவைத்து, பிறகு வெயிலிற் காயவைக்கிறார்கள். புளிப்பும் வெயிலும் இல்லாவிடில் சொக்கலேற்றின் வாசனையே பிறக்காது. மாத்தளை முற்றத்திற் காயும் கொக்கோவும் பருத்தித்துறை முற்றத்திற் காயும் பனங்களியும் சூரியன் ஒருவனையே சமையற்காரனாகக் கொண்டவை என்று எண்ணும்போது, இரண்டையும் ஒரு தட்டில் வைப்பது தகாத சேர்க்கையாக எனக்குத் தோன்றவில்லை.

கொக்கோக் கொழுப்புக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. அது உறையும்பொழுது ஆறுவகையான பளிங்குருவங்களில் ஏதேனும் ஒன்றை அடையக்கூடும். அவற்றுள் ஐந்தாவது உருவமே நமக்கு வேண்டியது: சுமார் 34 பாகை செல்சியசில் உருகுவது, ஆதலால் கையில் உறுதியாக நின்று வாயிற் கரைவது, பளபளப்புடையது, முறித்தால் டக்கென்று ஒலிப்பது. ஏனைய உருவங்களில் உறைந்த சொக்கலேற்று மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். சில நாளில் மேலே வெண்படலமும் பூக்கும். வெண்படலம் உடலுக்குத் தீங்கற்றதே. ஆயினும் விருந்தில் வைக்க மனம் வராது. அந்த ஐந்தாவது உருவத்தை வருவிக்கும் பொருட்டுத் தொழில்வல்லார் கரிய சொக்கலேற்றை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி உருக்கி, 27 அல்லது 28 பாகைக்குக் குளிரவைத்து, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்துவர். பருத்தித்துறையில் புரட்டாசிப் பகல் 30 பாகையைத் தாண்டிவிடும் என்பதைச் சிந்தித்தால், மேனாட்டுக் குறிப்புகளை அவ்வாறே பின்பற்றி, தோய்த்த பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு உறையுமென்று காத்திருப்பவர் ஏன் ஏமாற்றமடைகிறார் என்பது விளங்கும்.

வீட்டில் இதற்கு எளிய வழியுண்டு. இருநூறு கிராம் கரிய சொக்கலேற்றைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொள்ளவேண்டும். அதில் மூன்றிலொரு பங்கைத் தனியே எடுத்துவைக்கவேண்டும். ஒரு பாத்திரத்தில் சிறிது நீரைச் சூடாக்கி, கொதிக்கத் தொடங்குமுன்னரே நெருப்பைத் தணித்து, அதன் வாயிற் பொருந்தும் மற்றொரு கிண்ணத்தை, அடி நீரிற் படாதவாறு வைத்து, பெரும்பங்கு சொக்கலேற்றை அதிலிட்டு ஆவியின் சூட்டில் மட்டும் உருகவிடவேண்டும். உருகியவுடன் கிண்ணத்தை இறக்கி, அடியிலுள்ள ஈரத்தை நன்கு துடைத்து, தனியே வைத்த பங்கையும் போட்டு மெல்லக் கிளறிக்கொண்டேயிருந்தால், உருகாத துண்டுகளிலுள்ள நல்ல பளிங்குகள் மற்றவற்றுக்கும் வழிகாட்டிவிடும். வெப்பமானி இல்லாதவர், ஒரு துளியை மேலுதட்டில் வைத்துப் பார்க்கலாம். உடம்பின் சூட்டைவிடச் சற்றே குளிர்ந்ததாகத் தோன்றினால் அதுவே பதம். மின்விசிறிக்குக் கீழே, அதிகாலையிலோ இரவிலோ இந்த வேலையை வைத்துக்கொள்வது உத்தமம். தோய்த்தவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் 10 அல்லது 15 நிமிடம் வைத்து உறையச் செய்து, பின்பு இறுக மூடும் பெட்டிக்கு மாற்றிவிடவேண்டும்.

உருகிய சொக்கலேற்றில் நீர்த்துளி ஒன்று விழுந்துவிட்டால் நடப்பதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்தது கணநேரத்தில் கரடுமுரடான பசையாக இறுகிவிடும். கொழுப்பிலே மிதந்துகொண்டிருந்த சீனியின் துகள்கள் நீரைக் கண்டவுடன் அதனை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். ஈரமான கரண்டி, ஆவி படிந்த மூடி, கழுவித் துடையாத பழம் ஆகிய எதுவும் இந்தக் கேட்டை விளைக்கும். பாட்டியின் ஈரக்கை எச்சரிக்கை இங்கும் அப்படியே செல்லுபடியாகிறது. அவ்வாறு இறுகிப்போனதை வீசிவிடவேண்டியதில்லை. சூடான பாலை ஊற்றிக் கரைத்துப் பிள்ளைகளுக்குப் பானமாகக் கொடுக்கலாம்.

இந்த ஒரு நியமத்தை மனத்திற் கொண்டால், எந்தப் பழம் உகந்தது என்ற வினா தானே தீர்ந்துவிடுகிறது. அன்னாசி, பப்பாசி, தோடம்பழம் முதலியவற்றை அரிந்தவுடன் நீர் ஒழுகும்; அவை இதற்கு ஆகா. ஸ்ட்ரோபெரியைத் தேடி நுவரெலியாவுக்கு ஆளனுப்ப வேண்டிய அவசியமுமில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு இது காலமன்று. கோடையில் கீற்றாக அரிந்து காயவைத்தது கைவசம் இருந்தால் அதைப்போன்ற பொருள் வேறில்லை. முந்திரிகைப்பழம் என்று நாம் வழங்கும் திராட்சை, தோல் உடையாதவரை நீரைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பதால், நன்கு கழுவி, நன்கு துடைத்து, காம்போடு பிடித்துத் தோய்ப்பதற்கு மிக வாய்ப்பானது. பேரீச்சம்பழத்தின் கொட்டையை நீக்கி, அவ்விடத்தில் வறுத்த கச்சானையோ கஜுவையோ வைத்து மூடித் தோய்த்தால், செய்பவருக்கும் சிரமமில்லை, உண்பவருக்கும் குறையில்லை.

எல்லாவற்றினும் மலிவாகவும் எப்பொழுதும் கிடைப்பது வாழைப்பழம். நீர்வேலிப் பக்கத்திலிருந்து வரும் குலைகள் நெல்லியடிச் சந்தையிலும் பருத்தித்துறைச் சந்தையிலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும். இதரையாயினும் கதலியாயினும், மஞ்சள் முற்றி, ஆனால் கறுப்புப் புள்ளி விழாத பதத்தில் இருப்பதை எடுத்து, அரை அங்குலக் கனத்தில் வில்லைகளாக அரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் எண்ணெய்த்தாளில் அடுக்கி, உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். கல்லைப்போல் இறுகிய வில்லைகளை முட்கரண்டியால் எடுத்துத் தோய்த்தால், அந்தக் குளிரிலேயே சொக்கலேற்று ஓரிரு நிமிடத்தில் உறைந்துவிடும். இங்கே பளிங்குருவத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். மங்கலடைய அவகாசம் தராமல் அப்பொழுதே உண்டு தீர்ந்துவிடுவது இது. இருநூறு கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துக்கொண்டால் பூச்சு மெல்லியதாக அமையும். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே இளகிவிடும் இயல்பினதாதலால், எண்ணெய் சேர்த்ததைத் தட்டில் வைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கலாகாது. கொக்கோக் கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்து, உஷ்ணதேசங்களுக்கென்றே ஆக்கப்படும் சொக்கலேற்றுக் கட்டிகளும் கடைகளிலுண்டு. அவை மேற்சொன்ன பக்குவம் ஏதுமின்றி உருக்கியவாறே பயன்படுவன. வேலை எளிது, சுவையோ பாதிதான். விருந்தினர் பலராகி நேரமும் குறுகியபொழுது அவற்றை நாடுவதை நான் குறைகூறேன். வீட்டிலுள்ளோருக்காகச் செய்யும்போது நல்ல பொருளையே வாங்கச் சொல்வேன்.

பனாட்டைச் சொக்கலேற்றில் தோய்ப்பதையே இக்கட்டுரையின் உயிராக நான் கருதுகிறேன். பனம்பழத்திற்கு இனிப்போடு ஒரு மெல்லிய கைப்பும் உண்டு. ஃபிளபெல்லிஃபெரின் என்ற பொருள் அக்கைப்புக்குக் காரணமென்பதை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். பனாட்டைச் சிலர் விரும்பாமற் போவதற்கும், விரும்பியவர் விடமாட்டாமற் போவதற்கும் அக்கைப்பே ஏதுவாகும். கொக்கோவும் கைப்புடையது. ஒரு கைப்பு மற்றொரு கைப்போடு சேரும்பொழுது இரண்டும் பெருகுமென்று எண்ணுவது இயல்பாயினும், நாவின் அநுபவம் வேறாக இருக்கிறது. கரிய சொக்கலேற்றின் கைப்பு வந்து மறைந்தபின், பனாட்டின் கைப்பு தனித்து நில்லாமல் அதன் தொடர்ச்சியாகவே ஒலித்து, அடியிலுள்ள பழத்தின் மணத்தை முன்னே தள்ளிவிடுகிறது. பாற்சொக்கலேற்றோடு இது நன்றாக அமைவதில்லை. அதன் மிகை இனிப்புப் பனாட்டின் குணத்தை அமிழ்த்திவிடும்.

செய்முறையில் அதிக விவரமில்லை. பாணியில் ஊறாத உலர்ந்த பனாட்டை, ஓரங்குல அகலமும் இரண்டங்குல நீளமுமான துண்டுகளாகக் கத்தியால் அரிந்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு பாதியை மட்டும் சொக்கலேற்றில் தோய்த்து எடுக்கவேண்டும். செம்மஞ்சள் தெரியும் மறுபாதி கண்ணுக்கும் அழகு. கையாற் பிடிப்பதற்கும் வசதி. பூச்சு இறுகுமுன் வறுத்த எள்ளைத் தூவினால், பழைய பாணிப்பனாட்டின் வாசனை அங்கே வந்து கூடிக்கொள்ளும். வெகு சிறிதளவு மிளகுத்தூளும் தகும். பாணியில் ஊறிய பனாட்டை மட்டும் இதற்கு எடுக்கலாகாது. பாணியிலுள்ள நீரும் பிசுக்கும் சொக்கலேற்றைப் பற்றவிடா. அதனை அதன் பாட்டில், சிறு கிண்ணத்தில் அவலோடு வைத்து, தோய்த்த துண்டுகளுக்குப் பக்கத்தில் பரிமாறுவதே முறை. வாழைப்பழ வில்லை அன்றைக்கே முடியவேண்டியது. திராட்சை ஓரிரு நாளைக்கு நிற்கும். பேரீச்சையும் பனாட்டும் ஈரமற்றவையாதலால், குளிர்ந்த இடத்தில் மூடிவைத்தால் விழா முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னும் கெடாதிருக்கும்.

இவ்வேலையிற் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில் தடையொன்றுமில்லை. சூடான நீரைப் பெரியவர் கையாளட்டும். துடைப்பதும் தோய்ப்பதும் எள் தூவுவதும் தாளில் அடுக்குவதும் சிறுவர் செய்யத்தக்கன. பனம்பழம் பொறுக்கியறியாத, பனாட்டுப் பந்தரைக் கண்டறியாத பிள்ளைகள் இப்பொழுது நம் ஊரிலேயே மிகுந்துவிட்டனர். யுத்த காலத்தில் பனங்கூடல்கள் பல எறிகணைகளால் முறிந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாகத் தறிக்கப்பட்டன. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள ஆராய்ச்சி நிலையமும் மரத்தையும் தொழிலையும் காக்க முயன்றுவருகின்றன. ஆயினும் பழம் விழுந்து கிடந்து மாடு தின்னும் வளவுகள் இன்றும் அநேகம். பனாட்டுப் போடுவதற்கு வேண்டிய நேரமும் முற்றமும் உடைய வீடுகள் குறைந்துவிட்டதால், அதனை இப்பொழுது பெரும்பாலோர் விலைக்கே வாங்குகின்றனர். வாங்கும்போது விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும்: வளைந்து கொடுப்பது நல்லது, முறிவது பழையது, ஒட்டுவது காயாதது. மணலை நாவிலே அறியலாமேயன்றிக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

கடல் கடந்து வாழும் நம்மவருக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள வடமராட்சியார் வீடுகளில் நவராத்திரி வரும் ஒக்டோபர் மாதம் குளிர் இறங்கிவிட்ட மாதம். அங்கே பதம் வருவித்துத் தோய்த்த சொக்கலேற்று மேசைமேல் வைத்தவாறே சிறிது நேரத்தில் பளபளவென்று இறுகிவிடுகிறது; உறையவைப்பதற்காக இங்கே நாம் படும் பாட்டில் பாதிகூட அங்கில்லை. அங்கே கிடைக்காதது பனங்களியை உலர்த்தும் வெயில் ஒன்றுதான். ஆகவே உறவினருக்கு அனுப்ப விரும்புவோர், சொக்கலேற்றில் தோய்த்து அனுப்பி வழியில் உருகிக் கெடும்படி விடாமல், உலர்ந்த பனாட்டை அப்படியே எண்ணெய்த்தாளிற் சுற்றி, காற்றுப் புகாத உறையிலிட்டு, எள்ளை வறுக்காமல் தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது நல்லது. வறுப்பதும் உருக்குவதும் தோய்ப்பதும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் கையால் அங்கேயே நடைபெறலாம்.